சிவப்பு எச்சரிக்கையும் ஏழு பேர்ச்சஸ் காணியும்

(ஹட்டனில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புவியறிவியலும் விண்வெளி அறிவியலும் அரசாங்கக் கொள்கையோடும் சமூகத்தோடும் எங்கே சந்திக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பு மண்டபமொன்றில் என்றால் அந்த இடத்தை விளக்கவே அரை மணி நேரம் போய்விடும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறதே, அங்கேதான் சந்திக்கின்றன.

நம்முடைய தோட்டங்கள் பலவற்றில் ஒரு மழைமானி உண்டு. ஸ்டோருக்குப் பக்கத்திலோ துரை பங்களா முற்றத்திலோ வேலி போட்டு வைத்திருப்பார்கள். ஓர் உலோக உருளை, வாயில் புனல், உள்ளே போத்தல். காலையில் ஒருவர் வந்து போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, பேரேட்டில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார். கோப்பிக் காலத்துக்குப் பிறகு தேயிலை வந்த நாளிலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. இலங்கையின் மலைநாட்டு மழையைப் பற்றி நமக்கு நூறாண்டுக்கும் மேலான கணக்கு இருக்கிறதென்றால், அதில் பெரும்பங்கு தோட்டங்களில் எழுதப்பட்டது. அந்த எண் எதற்குப் பயன்பட்டது? உரம் எப்போது போடலாம், எந்த மலையில் கொழுந்து எப்போது திரும்பும், கவ்வாத்தை எப்போது தொடங்கலாம் என்று தீர்மானிக்க. செடிக்காக அளந்தார்கள். அதே பேரேட்டில் அதே காலையில் எழுதிய அந்த எண், முந்நூறு அடி கீழே லயத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்தா இல்லையா என்பதையும் சொல்லக்கூடியது. அந்தச் செய்தி லயத்துக்கு இறங்கி வந்ததில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். நமது மலைகளில் மண்சரிவைப் பற்றி அறிவியல் தன் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டது. அந்த அறிவு மனிதரிடம் வந்து சேரும் வழியில் தோட்டம் என்ற அமைப்பு நிற்கிறது. நிலம் ஒருவருடையது, குத்தகை இன்னொருவருடையது, அதில் படுத்துறங்கும் குடும்பத்துக்கு எதுவும் உரிமையில்லை. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை செய்மதியை மேலே அனுப்பினாலும் போதாது.

முதலில் மலை எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். "மழை பெய்து மலைக்குப் பாரம் கூடிப் போச்சு, அதனால் சரிந்தது" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பாதி உண்மை. நம் மலைகளின் உள்ளே இருப்பது மிகப் பழைய, கடினமான பாறை. அதன் மேல் பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் உக்கிப்போன மண், பல இடங்களில் பழைய சரிவுகள் கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் கலந்த படை. மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்திருப்பதால்தான் சாய்வில் மண் நிற்கிறது. மழைநீர் இறங்கி அந்தத் துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளை நிரப்புகிறது. கீழே பாறை தண்ணீரை உள்ளே விடாது, போக வழியும் இல்லை என்றால், அந்தத் தண்ணீர் அழுத்தம் கொண்டு துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. பிடி தளர்கிறது. அதன் பிறகு சாய்வைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஆகவே பாரத்தைவிடப் பெரிய எதிரி உள்ளே அகப்பட்ட தண்ணீர். ஒரே மழை ஒரு மலையைச் சரித்து அடுத்த மலையை விட்டுவைப்பதும் இதனால்தான்.

இதை விளங்கிக்கொண்டால் கான் வெட்டுவதன் அருமை தெரியும். தேயிலை மலையில் குறுக்காக ஓடும் கான்கள் மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடாமல் பக்கவாட்டில் ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. முன்பு கான் வெட்ட, தூர் எடுக்க என்றே தனியாக ஆட்களுக்குப் பேர் போட்டார்கள். இன்று எத்தனை மலைகளில் கான் தூர்ந்து புல் முளைத்துக் கிடக்கிறது என்று இங்கிருக்கும் மூத்தவர்கள் எனக்கே சொல்லித் தருவீர்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது கொழுந்து தராத வேலையில். தூர்ந்த கானில் தேங்கும் தண்ணீர் நேரே கீழே இறங்கும். ஒரு கணக்குப் புத்தகத்தின் தீர்மானம் நிலத்தடி நீரின் அழுத்தமாக மாறுவது இப்படித்தான்.

லயங்கள் நிற்கும் இடத்தையும் பாருங்கள். நல்ல நிலம் தேயிலைக்குப் போனது. உயரமான, காற்றோட்டமான, பாறைமேல் உறுதியாக நிற்கும் முனைகள் பங்களாவுக்குப் போயின. லயம் போட மிஞ்சியது பள்ளத்தாக்கின் மடிப்புகள். தண்ணீருக்குப் பீலி பக்கத்தில் வேண்டும், மேடு வெட்டும் செலவு குறைவாக இருக்க வேண்டும். அத்தகைய மடிப்புகளில் கொஞ்சம் தட்டையாகத் தெரியும் இடங்கள் பல, முன்பொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்த மண் தங்கிய இடங்கள். சரிந்த இடம் மறுபடியும் சரியக்கூடும் என்பது புவியியல் மாணவர் முதலாண்டிலேயே படிப்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா அறைகளை அங்கே வரிசையாகக் கட்டியவர்கள் அதை அறிந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்று நமக்குத் தெரியும். மலைநாட்டில் புதிதாக ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி அறிக்கை கேட்கிறார்கள். நூறு ஆண்டைத் தாண்டிய லயத்துக்கு அப்படி ஒரு சோதனை என்றைக்காவது நடந்ததா?

அந்த நிறுவனத்தைப் பற்றி மரியாதையோடு பேச வேண்டும். அது 1984இல் தொடங்கியது. 1986 சனவரியில் நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கங்களிலும் 1989 யூனில் கேகாலையிலும் பெருஞ்சரிவுகள் வந்த பிறகு, 1990 முதல் மண்சரிவு அபாய வரைபடங்களை வரையத் தொடங்கினார்கள். மலை மலையாக நடந்து, பாறையின் சாய்வையும் மண்ணின் தடிப்பையும் நீரூற்றையும் நிலப் பயன்பாட்டையும் குறித்து, ஒவ்வொரு சாய்வுக்கும் ஓர் அபாய நிலை கொடுத்தார்கள். பிறகு மழைக்கு மூன்று படிகள் வைத்தார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ சிவப்பு, உடனே வெளியேறுங்கள். பிள்ளைகளே, இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 75, 100, 150.

இப்போது மீரியபெத்தவுக்கு வருவோம். பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் உள்ள தோட்டம் அது. 2014 ஒக்டோபர் 29. தீபாவளி முடிந்து ஒரு வாரம். பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போன காலை வேளையில் மலை இறங்கி லயங்களை மூடியது. வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடமே தெரியவில்லை. அந்தச் சாய்வு ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தவறவில்லை. ஒன்பது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. "வெளியேறுங்கள்" என்றும் மக்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கே போவது? காணி கிடையாது. தோட்டத்து லயத்தை விட்டால் தோட்டத்து வேலையும் போகும். வேறு இடத்தில் ஒரு குடிசை போடக்கூட அனுமதி வேண்டும். போக இடமில்லாதவரிடம் "போ" என்று சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வதால் அவர் பாதுகாக்கப்பட்டுவிடவில்லை.

மீரியபெத்தவில் இன்னொன்று நடந்தது. அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். முதல் சில நாட்கள் காணாமற்போனவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது, பிறகு குறைந்தது, மறுபடி மாறியது. அந்த லயங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல அரசிடம் ஏடு இல்லை. மண்ணுக்குள் போனவர்களை எண்ணுவதற்குக்கூட முதலில் உயிரோடு இருந்தவர்களை எண்ணியிருக்க வேண்டும். தப்பியவர்கள் கைவிடப்பட்ட தேயிலை ஸ்டோர் ஒன்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முகாமிட்டிருந்தார்கள். 2016 ஒக்டோபரில்தான் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த 75 வீடுகளுக்கு உரிய நிலத்தை 2005இல் கொடுத்திருக்க முடியாதா என்பது என் கேள்வி.

இதே மலைநாட்டில் வேறொரு கதையும் உண்டு. நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையே வட்டவளையில், 1990களின் தொடக்கத்தில் நிலம் நகரத் தொடங்கி ரயில் பாதை இழுபட்டது. கொழும்பு–பதுளைப் பாதை நின்றுவிடும் என்ற நிலை. பொறியியலாளர்கள் வந்தார்கள், நிலத்தடி நீர்தான் காரணம் என்று கண்டார்கள். மலைக்குள் நீளமான துளைகளைத் திசை திருப்பித் திருப்பிப் போட்டு, அந்தத் தண்ணீரை வடித்தார்கள். நகர்வு அடங்கியது. இன்றும் அதன் மேலேதான் ரயிலில் போகிறோம். நகரும் மலையை நிறுத்தும் வித்தை இந்நாட்டுக்குத் தெரியாததல்ல என்பதற்கு வட்டவளை சாட்சி. தண்டவாளம் அசைந்தபோது துளையிட்டு நீரை வடிக்கப் பணம் கிடைத்தது. லயம் அசைந்தபோது கிடைத்தது துண்டுக் கடிதம். நான் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

வானத்துக்கு வருவோம். யப்பானின் ஹிமாவரி செய்மதி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நம் தலைமேலுள்ள முகிலைப் படமெடுக்கிறது. இந்தியாவின் இன்சாட் வரிசையும் பார்க்கிறது. நாசாவும் யப்பானும் சேர்ந்து 2014இல் அனுப்பிய ஜீபிஎம் செய்மதியை வைத்து உலகம் முழுவதற்கும் அரை மணி நேரத்துக்கு ஒரு மழைக் கணக்கு தருகிறார்கள். அருமையான காரியம். ஆனால் அந்தக் கணக்கின் ஒரு கட்டம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் அகலம். நம் நாட்டில் பத்துக் கிலோமீட்டருக்குள் எத்தனை மலை, எத்தனை கணவாய்! வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் வரை கொட்டும். நுவரெலியா நகரில் அதில் பாதிகூட இல்லை. தென்மேல் பருவக்காற்றில் கினிகத்தேனையும் ஹட்டனும் நனையும்போது வலப்பனை காய்ந்து கிடக்கும். வடகீழ்ப் பருவம் வந்தால் வலப்பனைக்கும் பதுளைக்கும் ஆபத்து. மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து பெய்யும் மழையைச் செய்மதி குறைத்துக் கணக்கிடுவதும் உண்டு. ஆகவே வானத்துக் கண்ணுக்குத் தரையில் ஒரு துணை வேண்டும். அந்தத் துணை ஏற்கனவே தோட்டங்களில் இருக்கிறது: நான் முதலில் சொன்ன அந்த உருளையும் போத்தலும். அரசின் தானியங்கி மழைமானிகளோடு தோட்டத்து மழைமானிகளின் காலைக் கணக்கையும் அன்றன்றே சேர்த்தால், உலகில் வேறெந்த மலைநாட்டுக்கும் எளிதில் கிடைக்காத நெருக்கமான வலை நமக்குக் கிடைக்கும்.

இன்னொரு செய்மதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார், 2025 யூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ரேடார் அலையை அனுப்பி அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டு நிலம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு மேலே வரும். சிற்றலை ரேடார் செடியின் இலையிலேயே முட்டி நின்றுவிடும். நிசாரின் ஓர் அலை ஏறக்குறைய 24 சென்ரிமீட்டர் நீளம், தழையைக் கடந்து நிலத்தை எட்டும். தேயிலை மூடிய மலைக்கு இது பெரிய செய்தி. மெல்ல மெல்ல நகரும் சாய்வைச் சரிவதற்கு மாதங்களுக்கு முன்பே காணும் வாய்ப்பு உண்டு. அந்தத் தரவை எடுத்து நம் மலைகளுக்குப் பொருத்திப் பார்க்கும் வேலையை நம் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மலையகப் பிள்ளைகள் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் அம்மா கொழுந்தெடுத்த மலையின் பெயரும் நம்பரும் கானும் ஊற்றும் உங்களைப்போல் வேறு யாருக்குத் தெரியும்?

இருந்தும், நிசார் சொல்லும் செய்தியும் கடைசியில் ஓர் அலுவலகத்தில் வந்து நிற்கும். எந்த அலுவலகம்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத் தமிழர் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், ஆனால் அந்த உறுப்பினர் தன் லயத்துப் பாதைக்கு ஒரு கல் போட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான், இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்திருந்த அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்தன. நிலமோ அரசுடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பெனிகளுடையது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005இல் வந்தது. இத்தனை பேர் இருக்க, லயத்துக்குப் பின்னாலுள்ள மேடு யாருடைய பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

ஹொங்கொங்கில் இந்தக் கேள்விக்கு விடை கண்டார்கள். 1972 யூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976இல் மறுபடியும் சரிந்தது. 1977இல் சாய்வுகளுக்கென்றே ஓர் அரச அலுவலகம் அமைத்தார்கள். வெட்டிய, நிரப்பிய சாய்வுகள் அறுபதாயிரம் வரை பதிவேட்டில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொன்றையும் பராமரிக்க வேண்டியவர் யார் என்ற குறிப்பு. அதே மழைதான் பெய்கிறது, அதே செங்குத்து மலைதான். சாவு பல மடங்கு குறைந்துவிட்டது.

பொறுப்பாளி இல்லாத மேடுகளின் கீழே நம்மவர்கள் எல்லை கடந்தும் கிடக்கிறார்கள். மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்களில் 70 பேர் போனார்கள். அங்கும் அதை லயம் என்றுதான் சொல்கிறார்கள். தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. வெளியுலகுக்குச் செய்தி போக விடிந்துவிட்டது. 2024 யூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தோட்டத்துப் பாடிகளில், அதாவது அங்குள்ள லயங்களில், இருந்தவர்களும் அதில் அடக்கம். கொடி வேறு, சட்டம் வேறு, லயம் நிற்கும் இடம் மட்டும் ஒன்றேதான்.

அதற்குப் பிறகு நமக்கு வந்தது டித்வா புயல். 2025 நவம்பர் கடைசி. 150 மில்லிமீட்டருக்குச் சிவப்பு என்று சொன்னேன் அல்லவா? சில இடங்களில் ஒரே நாளில் அதன் இரு மடங்குக்கும் மேல் பெய்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டில் உயிர் குடித்தது பெரும்பாலும் மண்சரிவு. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. சிவப்பு எச்சரிக்கை மூன்று மொழிகளிலும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும். மொழிபெயர்க்க ஆளில்லை என்ற பதிலை உயிர் விஷயத்தில் ஏற்க முடியாது. எழுதி வைத்த ஒரு வசனத்தில் இடத்தின் பெயரையும் மில்லிமீட்டரையும் மட்டும் மாற்றினால் போதுமே!

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டு இருக்கிறது. எந்த மலைக்கு எத்தனை பேர் என்று அங்கேதான் பிரிக்கிறார்கள். அதே பெரட்டில் நேற்றைய மழைக் கணக்கையும் உரக்கச் சொல்லட்டும். 75ஐத் தாண்டினால் கோயில் ஒலிபெருக்கியில் அன்று முழுக்கச் சொல்லட்டும். செலவு ஒரு சதமும் இல்லை. இரவில் மழை விடாமல் கொட்டினால் காலைவரை காத்திருக்க முடியாது, அதனால் ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி வேண்டும். பக்கம் நேரான, அடி தட்டையான ஒரு கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அடிமட்டமும் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்யலாம். பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், ஊற்று நின்றுபோனால், இல்லாத இடத்தில் புதிதாகக் கசிந்தால், காம்பிராத் தரையில் கோடு விழுந்தால், கதவு சட்டத்தில் இறுகினால், மேட்டுமரம் சாய்ந்தால், மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், வெளியேறிவிடுங்கள்.

சிவப்பு நாளில் முழுப் பேர். இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். எச்சரிக்கை வந்த காலையில் ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போனால், அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்ற பயம் அவர் கால்களைக் கட்டிப்போடுகிறது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு என்று அறிவித்த பிரிவில் அன்று வேலைக்கு வராதவருக்கும் முழுச் சம்பளம் என்பது கூட்டு ஒப்பந்தத்திலோ வர்த்தமானியிலோ எழுதப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பற்றி எவ்வளவு பேசுகின்றனவோ அவ்வளவு இதைப் பற்றியும் பேச வேண்டும்.

காணி பற்றி. தனி வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று ஒரு கணக்கு நடைமுறையில் இருந்தது. இந்திய உதவியில் கட்டிய வீடுகள் பல அப்படி வந்தவை. நல்லது. ஆனால் இதுவரை யாருக்கு முதலில் வீடு என்பதை அரசியல் அறிமுகமும் தொழிற்சங்கப் பட்டியலும் தீர்மானித்தன என்று ஊரே பேசுகிறது. அந்த வரிசையை அபாய வரைபடம் தீர்மானிக்கட்டும். அதிக ஆபத்து என்று நிறம் தீட்டிய சாய்வின் லயங்கள் முதலில், அடுத்த நிறம் அடுத்து. புதிய வீட்டுக்கான மேடையை வெட்டும் இடமும் அதே சோதனைக்கு உட்படட்டும், புதுச் சுவரோடு புதுச் சரிவு வேண்டாம். வீட்டோடு உறுதிப் பத்திரமும் கையில் வர வேண்டும், வெறும் சாவி போதாது. அனர்த்த நட்டஈட்டுப் படிவத்தில் காணி உரிமையாளர் பெயர் என்று ஒரு கோடு இருக்கும். ஏழு தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்த குடும்பம் அந்தக் கோட்டில் என்ன எழுதும்?

இந்த மண்டபத்தில் பிரதேச சபை உறுப்பினர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். 33ஆம் பிரிவு இப்போது உங்கள் கையைக் கட்டவில்லை. உங்கள் வட்டாரத்துக்கான அபாய வரைபடத்தைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அதில் அதிக ஆபத்துப் பகுதிக்குள் எத்தனை லயம், எத்தனை காம்பிரா, எத்தனை குடும்பம், யார் யார் என்று தோட்டக் கமிட்டிகளோடு சேர்ந்து ஓர் ஏடு எழுதுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் அந்த ஏட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலாளர் மேசையில் வையுங்கள். அதை எழுதுவதற்கு ஆசிரியர்களும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் வர ஆயத்தமாக இருக்கிறார்கள். இங்கே வருவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிட்டேன். வரைபடம் வாசிக்கச் சொல்லித் தர நான் வருகிறேன்.